தயிர் கப் மெஷின் வாங்கப் போகிறீர்களா? வால்பக்கத்தை முதலில் பாருங்கள்

மெஷின் விற்க வருகிறவர் முதலில் காட்டுவது நிரப்பும் நாசில். அடுத்தது சீல் ஹெட். பிறகு தொடுதிரையில் கலர் கலராக நாலு பக்கம். மெஷினின் வால்பக்கம், அதாவது கப்பை ஷீட்டிலிருந்து வெட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்து, கன்வேயரில் நிற்க வைக்கிற இடம், டெமோவில் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கப்படுவதில்லை. வாங்கிய பிறகு ஷிப்டுக்கு நாலு தடவை மெஷினை நிறுத்த வைப்பது அந்த இடம்தான். அதனால் இந்த மதிப்பீடு முழுக்க வால்பக்கத்தைப் பற்றியது.

மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு நாளைக்கு 10,000 முதல் 50,000 கப் வரை போட நினைக்கிற சிறு யூனிட்டுகளை மனதில் வைத்துத்தான் கணக்குகள் எல்லாம். பெரிய டெய்ரிகளில் ஓடும் ஹாசியா, ஆர்சில் போன்ற வெளிநாட்டு மெஷின்களின் விலையும் வேகமும் வேறு கணக்கு. ஆனால் வெட்டும் தத்துவம் ஒன்றுதான். நம் நாட்டில் செய்யும் மெஷின்களும் அதே வழிமுறைகளைச் சிறிய அளவில் செய்கின்றன.

வெட்டு நின்றால் பால் நிற்காது

நம் ஊர் கப் தயிர் கெட்டித் தயிர். உறை ஊற்றிய பால் 42, 43 டிகிரியில் கப்பில் இறங்குகிறது. மூடி ஒட்டி, வெட்டி, கிரேட்டில் அடுக்கி, இன்குபேஷன் அறைக்குப் போன பிறகுதான் அது தயிராகிறது. பி.எச். 4.6 பக்கம் வந்ததும் குளிர் அறைக்கு மாற்றி 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஆக, வெட்டும் இடத்துக்கு வருகிற கப்பில் இருப்பது தயிர் அல்ல, வெதுவெதுப்பான பால். தயிராக உறைந்த பிறகு வெட்டலாமா என்றால் முடியாது. வெட்டும் பஞ்ச் இடிக்கிற அதிர்வில் தயிர் உடைந்து, மேலே தண்ணீர் விட்டுவிடும். கடைக்காரர் மூடியைத் திறந்ததும் "இது பழசு" என்று திருப்பி அனுப்புவார்.

இதில்தான் சிக்கல். பிஸ்கட் மெஷின் நின்றால் பிஸ்கட் காத்திருக்கும். உறை ஊற்றிய பால் காத்திருக்காது. வெட்டும் டை அடைத்து ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டால், மேலே ஹாப்பர் தொட்டியில் இருக்கும் பால் புளிப்பேறி இழையத் தொடங்கும். அதை மறுபடி கப்பில் ஊற்றினால் கெட்டியாக நிற்காது. மோருக்குத்தான் ஆகும். நிமிடத்துக்கு 12 அடி (ஸ்ட்ரோக்), அடிக்கு 8 கப் என்று ஓடும் மெஷின் மணிக்கு 5,760 கப் போடும். பத்து நிமிடம் நின்றால் 960 கப் போச்சு. அது போக, தொட்டியில் இருப்பதும் கணக்கில் சேரும். ஆகவே ஹாப்பரை 200 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். 100 மில்லி கப்பில் அது 2,000 கப், சுமார் 20 நிமிட ஓட்டம். உறையையும் மொத்தப் பாலுக்கும் ஒரே நேரத்தில் ஊற்றாமல் தொகுதி தொகுதியாக ஊற்றினால், வால்பக்கம் கோளாறு செய்யும் நாளில் நஷ்டம் ஒரு தொகுதியோடு முடியும்.

எந்த வகை யாருக்கு

நாளைக்கு 10,000 கப் என்றால், ஷீட் சுருளிலிருந்து தானே கப் வார்க்கும் ரோல் ஷீட் மெஷின் பக்கமே போகாதீர்கள். வார்த்த கப்பை வெளியில் வாங்கி, வட்ட மேசை மெஷினில் நிரப்பி மூடுவதே சரி. அதில் வெட்டுவது ஃபாயிலை மட்டும். பிரிப்பது என்றால் அடுக்கிலிருந்து கப்பை ஒவ்வொன்றாக இறக்குவது. வெட்டிய மூடியாகவே வாங்கிப் போட்டால் அந்த வெட்டும் கிடையாது. கவனிக்க வேண்டியது கப் இறக்கும் இடம்தான். சுற்றிலும் திருகுகள் சுழன்று கப்பின் விளிம்பைப் பிடித்து இறக்கும் வகை நம் வெயிலுக்கு நல்லது. வெறும் சக்ஷனில் இழுக்கும் வகையில், அடுக்கின் கனத்தில் அமுங்கிச் சூட்டில் ஒட்டிக்கொண்ட கப்புகள் இரண்டு இரண்டாக இறங்கும். கப் சப்ளையரிடம், ஒன்றுக்குள் ஒன்று இறுகாமல் தாங்கும் அடுக்குப் படி உள்ள கப்பா என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தப் படி இல்லாத கப்பை எந்த மெஷினும் ஒழுங்காகப் பிரிக்காது.

அளவு 30,000ஐத் தாண்டி, வருஷம் முழுக்க ஓடும் என்றால் ரோல் ஷீட் மெஷின் கட்டுப்படியாகும். ஷீட்டைச் சூடாக்கி, மோல்டில் கப்பாக அழுத்தி, நிரப்பி, ஃபாயில் ஒட்டி, கடைசியில் வெட்டுகிறது. இங்கே முதல் முடிவு வட்டக் கப்பா, சதுர விளிம்புக் கப்பா என்பது. பெரும்பாலோர் பழக்கத்தில் வட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு செலவு என்று பார்க்கலாம்.

விளிம்பு 70 மி.மீ. விட்டமுள்ள வட்டக் கப் வரிசைக்கு 4. இரண்டு கப்புக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கப் போன பிறகு மிச்சம் நிற்கும் ஷீட் சட்டம் அறுந்துவிடும். இரு ஓரங்களிலும், ஷீட்டை இழுக்கும் சங்கிலியின் ஊசி பிடிக்க, தலா 15 மி.மீ. ஷீட் அகலம் 325 மி.மீ. இதில் கப்பாக வெளியே போவது 63 சதவீதம் மட்டும். மிச்சம் 37 சதவீதம் ஓட்டை ஓட்டையான ஸ்கிராப். அதே 70 மி.மீ.யில் சதுர விளிம்பு, இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டி வார்த்தால் ஷீட் அகலம் 310 மி.மீ. ஸ்கிராப் இரண்டு ஓரமும் மூலைத் துண்டுகளும்தான், 10 சதவீதம் பக்கம். 1 மி.மீ. பாலிஸ்டைரீன் ஷீட்டில் வட்டக் கப்புக்கு 6.4 கிராம், சதுரத்துக்கு 5.7 கிராம் ஷீட் போகிறது. 50,000 கப்புக்கு நாளொன்றுக்கு 35 கிலோ ஷீட் வித்தியாசம். இந்த வட்ட ஸ்கிராப்பில் ஃபாயில் ஒட்டியிருக்கும் என்பதால் திரும்ப அரைத்து ஷீட் ஆக்க முடியாது. பழைய பிளாஸ்டிக் எடுப்பவர்களும் ஃபாயில் ஒட்டியதற்கு விலை குறைத்துத்தான் சொல்வார்கள்.

இவ்வளவும் தெரிந்து வட்டம்தான் வேண்டும் என்பவர்கள் உண்டு. ஜிகர்தண்டா, பாயசம், ஐஸ்கிரீம் கப்பில் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது வட்டம். அங்கே அது நியாயம். தயிருக்குச் சதுரமே போதும்.

டையும் பஞ்சும்

வட்டக் கப்பை வெட்டுவது பஞ்சும் டையும் சேர்ந்த செட். கப் டையின் ஓட்டைக்குள் உட்கார, மேலிருந்து பஞ்ச் இறங்கி விளிம்பை அறுத்துக் கீழே தள்ளுகிறது. அறுபடுவது இரண்டு பொருள்: 1 மி.மீ. பிளாஸ்டிக், அதன் மேல் 40 மைக்ரான் பக்கம் உள்ள அலுமினிய ஃபாயில். பிளாஸ்டிக்குக் கொஞ்சம் கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் நடுவே உள்ள இடைவெளி) இருந்தாலும் வெட்டும். ஃபாயிலுக்கு அப்படி இல்லை. கிளியரன்ஸ் கூடினால் ஃபாயில் வெட்டுப்படாமல் மடங்கி, பஞ்சோடு கீழே இழுபட்டுக் கிழியும். விளிம்பில் வெள்ளிப் பிசிறு தொங்கும். அதனால் ஒரு பக்கத்துக்கு 0.02, 0.03 மி.மீ. என்ற அளவில் டை செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் மதுரை வெயில் உள்ளே வருகிறது. சீல் ஆன விளிம்பைக் குளிர வைக்க, பல மெஷின்களில் டையின் அடித்தட்டில் சில்லர் தண்ணீர் ஓடுகிறது. மேல்தட்டில் ஓடுவதில்லை. அடித்தட்டு 25 டிகிரி, மேல்தட்டு 40 டிகிரி என்றால் 15 டிகிரி வித்தியாசம். 300 மி.மீ. நீள இரும்பு 15 டிகிரிக்கு 0.054 மி.மீ. விரியும். நடுவிலிருந்து கணக்கிட்டால் இரு கடைசியிலும் 0.027 மி.மீ. கிளியரன்ஸே அவ்வளவுதான். இரு ஓரத்துப் பஞ்சுகளும் டையைத் தின்ன ஆரம்பிக்கும். ஜனவரியில் சுத்தமாக வெட்டிய மெஷின் சித்திரைத் திருவிழா நேரத்தில், மோருக்கும் தயிருக்கும் ஆர்டர் குவிகிற வாரத்தில், ஓரக் கப்பில் மட்டும் பிசிறு விடுவதன் காரணம் இதுதான். ஆபரேட்டர் பிளேடு மழுங்கிவிட்டது என்று சாணைக்கு அனுப்புவார். திரும்ப வந்து பொருத்தினாலும் அதே இடத்தில் பிசிறு வரும்.

தீர்வு இரண்டு. ஒன்று, மேல்தட்டிலும் தண்ணீர்ப் பாதை கேட்பது. அல்லது, எட்டுப் பஞ்சையும் ஒரே தட்டில் இறுக்காமல், ஒவ்வொன்றும் தன் டைக்குத் தானே நடுப்பிடித்துக் கொள்ளும்படி மிதக்கவிட்ட அமைப்பைக் கேட்பது. இரண்டாவது கொஞ்சம் விலை கூடும். ஆனால் ஒரு பஞ்ச் கெட்டால் அதை மட்டும் கழற்றலாம் என்பதால் நமக்கு அதுவே லாபம்.

டை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோமீட்டர் தேவையில்லை. ஒரு செய்தித்தாளை எடுத்துப் போங்கள். ஒற்றைத் தாளை டையின் மேல் விரித்து, மெஷினைக் கையால் ஓட்டும் நிலையில் வைத்து, மெதுவாக ஒரு அடி அடிக்கச் சொல்லுங்கள். எட்டு வட்டமும் நூல் தொங்காமல் விழ வேண்டும். ஒரு வட்டத்தில் மட்டும் ஒரு பக்கம் அறுபடாமல் இருந்தால் அந்தப் பஞ்ச் சாய்ந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. எல்லா வட்டத்திலும் ஒரே திசையில் அறுபடவில்லை என்றால் மேல்தட்டு மட்டத்தில் இல்லை. தாளை வெட்டும் டை ஃபாயிலை வெட்டும். தாளில் தடுமாறும் டை, விற்பவர் எவ்வளவு சமாதானம் சொன்னாலும், ஃபாயிலில் தடுமாறும்.

அடுத்தது விசை. விலைப்பட்டியலில் "நியூமேடிக் பஞ்சிங்" என்று மட்டும் போட்டிருந்தால் சிலிண்டர் அளவைக் கேளுங்கள். 70 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு 220 மி.மீ. 1 மி.மீ. ஷீட்டை அறுக்க சதுர மி.மீ.க்குச் சுமார் 3 கிலோ விசை என்று வைத்தால் ஒரு கப்புக்கு 660 கிலோ. எட்டுக்கு 5 டன்னுக்கு மேல். 200 மி.மீ. சிலிண்டர் 6 பார் காற்றில் தருவது 1.9 டன்தான். நேரடியாக அழுத்தினால் வெட்டாது. விசையைப் பெருக்க, முழங்கால் மடிப்பு போன்ற டாகிள் வேண்டும், அல்லது மோட்டாரில் ஓடும் கேம் வேண்டும். பஞ்சுகளை ஒரே உயரத்தில் வைக்காமல் நாலை 1 மி.மீ. தாழ்த்தி வைத்தால் முதலில் நாலு, பிறகு நாலு என்று வெட்டும். தேவைப்படும் விசையும் இடியும் பாதியாகக் குறையும். டாகிளும் இல்லை, படிநிலையும் இல்லை, சிலிண்டரும் சிறிது என்றால் அந்த மெஷின் புது பிளேடில் வெட்டும், மூன்று மாதத்தில் திணறும். கம்ப்ரசர் வேறு மெஷினோடு பொதுவாக இருந்து அழுத்தம் 5 பாருக்கு இறங்கினால் இன்னும் சீக்கிரம்.

சதுரக் கப்பில் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. குறுக்கே ஒரு சாய்ந்த பிளேடு கத்தரிக்கோல் மாதிரி வெட்டுகிறது. நெடுக்கே சுழலும் வட்டக் கத்திகள். ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான் அறுபடுவதால் சின்ன மோட்டார் போதும். வட்டக் கத்தி ஜோடியில் மேல் கத்தி கீழ்க்கத்தியை அரை மி.மீ. அளவு தாண்டி இறங்கினால் போதுமானது. அதிகம் இறக்கினால் விளிம்பு வளையும், சீலும் ஓரத்தில் விடும். கத்திக்கு ஸ்பிரிங் அழுத்தம் பக்கவாட்டில் வேண்டும். அந்த ஸ்பிரிங்கை வாங்கும்போதே இரண்டு செட் கூடுதலாக வாங்கி வைக்கலாம்.

மூலை ஓட்டையும் ஒடிக்கும் கோடும்

சதுரக் கப்புகள் நாலு சந்திக்கும் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரப் பஞ்ச் முதலில் இறங்கி ஓட்டை போடும். பிறகு நெடுக்கும் குறுக்கும் வெட்டினால் ஒவ்வொரு கப்பின் மூலையும் வளைந்து வரும். இந்த ஓட்டை அரை மி.மீ. விலகினால்கூட ஒரு மூலையில் மீசை மாதிரி கூர்முனை நிற்கும். கிரேட்டில் பக்கத்துக் கப்பின் ஃபாயிலில் அது குத்தினால் ஊசித்துளை விழும். இரண்டு நாளில் அந்தக் கப் பூஞ்சை பிடித்துத் திரும்பி வரும். சீல் சரியில்லை என்று சீல் ஹெட்டைக் குறை சொல்வார்கள். திரும்பி வந்த கப்பின் ஃபாயிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை விளிம்பில் இல்லாமல் நடுவில் இருந்தால் குற்றவாளி மூலைதான்.

நட்சத்திரத் துண்டுகளை உறிஞ்ச வேக்குவம் குழாய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாத மெஷினில் அந்தத் துண்டுகள் நிலையான மின்சாரத்தால் மூடியில் ஒட்டிக்கொண்டு கடை வரை போகும்.

இரட்டைக் கப், நாலு கப் சேர்த்து விற்பவர்களுக்கு முழுதாக வெட்டாமல் ஒடிக்கும் கோடு போட வேண்டும். ஃபாயில் முழுதாக அறுபட வேண்டும், பிளாஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் நிற்க வேண்டும். இது நல்ல தொடக்க அளவு. பிறகு கையால் ஒடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அறைச் சூட்டிலும் ஒடிக்க வேண்டும், குளிர் அறையிலிருந்து எடுத்ததையும் ஒடிக்க வேண்டும், ஏனென்றால் குளிரில் பாலிஸ்டைரீன் இன்னும் மொறுமொறுப்பாகி, தூக்கும்போதே உடையலாம். மதுரைப் பெட்டிக்கடைகளில் விற்பது ஒற்றைக் கப்தான். சூப்பர்மார்க்கெட் ஆர்டர் கையில் இல்லாமல் இந்த வசதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஷீட் எது என்பதும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. பாலிஸ்டைரீன் (பி.எஸ்.) ஒடியும். பாலிபுரோப்பிலீன் (பி.பி.) ஒடியாது, மடங்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலின் மூடி ஆயிரம் தடவை திறந்து மூடினாலும் அறுந்து போகாத கீலாக இருப்பது அந்தப் பொருளின் குணத்தால்தான். அதனால் பி.பி. ஷீட்டில் ஒடிக்கும் கோடு வேலைக்காகாது, முழு வெட்டுத்தான். இன்னொன்று, குளிரும்போது பாலிஸ்டைரீன் அரை சதவீதம் பக்கம் சுருங்கும். பி.பி. 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்கும். 280 மி.மீ. அகலத்தில் இது முறையே ஒன்றரை மி.மீ.க்கும், மூன்று முதல் ஐந்தரை மி.மீ.க்கும் வரும். பி.எஸ். ஷீட்டுக்குச் செய்த டையில் பி.பி. ஓட்டலாம், ஹீட்டர் சூட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அந்த மெஷினை அதோடு விட்டுவிடலாம். உணவுக்கேற்ற பொருள் என்பதற்கு பாலிஸ்டைரீனுக்கு ஐ.எஸ். 10142, பாலிபுரோப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910 தரச் சான்றை ஷீட் சப்ளையரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

வெள்ளை ஷீட் கத்தியைச் சீக்கிரம் தேய்க்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். விலை குறைக்கச் சுண்ணாம்புத் தூள் கலந்த ஷீட்டும் கத்தியைத் தேய்க்கும். ஷீட்டில் கிலோவுக்கு மிச்சம் பிடித்ததைச் சாணைக் கூலியில் கொடுக்க நேரும்.

குளிர வைப்பதும் வியர்ப்பதும்

சீல் ஹெட் 180 முதல் 220 டிகிரி வரை சூட்டில் ஃபாயிலை ஒட்டுகிறது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். ஆகவே வெட்டும் இடத்துக்கு வரும்போது விளிம்பு ஆறியிருக்க வேண்டும். ஆறாமல் வெட்டினால் பிளாஸ்டிக் நூல் நூலாக இழுபடும், ஒடிக்கும் கோடு திரும்ப ஒட்டிக்கொள்ளும். சீலுக்கும் வெட்டுக்கும் நடுவே மெஷின் குறைந்தது இரண்டு மூன்று அடி அடிக்கும்போது ஷீட் நகரும் அளவு இடமும் ஒரு குளிர்தட்டும் வேண்டும். சில மெஷின்களில் நீளத்தைக் குறைக்க இந்த இடைவெளியை வெட்டிவிடுகிறார்கள். ஓசூரில், ஊட்டியில் அது ஓடலாம்.

குளிர்தட்டை 10, 12 டிகிரியில் வைக்கச் சொல்லி மெஷின் புத்தகத்தில் இருக்கும். நிரப்பும் அறையில் ஏசி இல்லாமல் மே மாதம் 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், 22 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்த இரும்பும் வியர்க்கும். அந்த நீர் ஃபாயிலில் சொட்டும், தேதி அச்சு ஒட்டாது, தட்டில் துரு ஏறும். தட்டை 23, 24 டிகிரியில் வைத்து, நிமிடத்துக்கு அடிக்கும் அடியைச் சற்றுக் குறைத்து ஓட்டுவது புத்திசாலித்தனம். போர் தண்ணீரை நேரே மோல்டுக்கும் குளிர்தட்டுக்கும் விடாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் பாதைகளை அடைத்துவிடும். மென்மையாக்கிய நீரைச் சில்லரோடு மூடிய சுற்றில் ஓட்ட வேண்டும்.

பிரித்து எடுப்பது

வெட்டியதும் கப் 100 மி.மீ. கீழே கன்வேயரில் தொப்பென்று விழும் மெஷின்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது பால் என்பதை மறந்து செய்தவை. விழும் கப் சாய்ந்தால் அடுத்த அடியின் கப் அதன் மேல் விழும், மூன்றாவது அடியில் டைக்குள் அடைக்கும். ஒவ்வொரு கப்பின் அடியையும் ஒரு தட்டு தாங்கி, மெதுவாக இறக்கி வைக்கும் வகையை மட்டும் வாங்குங்கள். சக்ஷன் கப்பால் மேலிருந்து தூக்குவதும் நல்ல வழிதான், ஆனால் ஃபாயில் சுருங்கியிருந்தால் பிடி நழுவும். சிலிகான் பெல்லோ வகை உறிஞ்சி சுருக்கத்தை ஓரளவு தாங்கும். சதுரக் கப் என்றால் இரண்டு கன்வேயர்கள் போதும். இரண்டாவது முதலாவதைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடினால் வரிசைக்கு வரிசை இடைவெளி தானாக விழும்.

வட்டக் கப் மெஷினின் மோசமான கோளாறு தொங்கு கப். ஒரு பக்கம் அறுபடாமல் கப் சட்டத்திலேயே தொங்கி, ஸ்கிராப் சுருளோடு போய், ரோலரில் நசுங்கி வெடிக்கும். அரை லிட்டர் பால்கூட இருக்காது. ஆனால் சங்கிலி, சென்சார், தரை எல்லாம் கழுவிவிட்டு ஓட்ட அரை மணி நேரம் ஆகும். வெட்டுக்கும் சுருளுக்கும் நடுவே சட்டத்தின் கீழே ஒரு ஒளி சென்சார் வைத்து, கப் தெரிந்தால் மெஷின் நிற்கும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. விலைப்பட்டியலில் இது இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான்.

ஜிகர்தண்டா, நன்னாரி போட்ட பானங்கள் கப்பில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாசிலிலிருந்து சொட்டும் சர்பத் விளிம்பில் விழுந்தால் சீலும் கெடும், பஞ்சிலும் பசையாக ஏறும். பாதாம் பிசின் இழை நாசிலை விட்டு அறுபடாமல் விளிம்பின் மேல் கோடு போடும். நாசிலில் சொட்டைத் திருப்பி உறிஞ்சும் வால்வு இல்லாமல் இந்தப் பொருட்களை ஓட்டக் கூடாது. பஞ்ச் முகத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெந்நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இரும்பு நாரால் தேய்க்கவே கூடாது. துடைக்கும்போது மேல் டைக்கும் கீழ் டைக்கும் நடுவே இரும்பு முட்டு வைத்து, காற்றையும் அடைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். சிலிண்டரில் மிச்சம் நிற்கும் காற்றே ஒரு அடி அடிக்கப் போதும். கதவைத் திறந்தால் நிற்கும் ஸ்விட்சைக் கம்பியால் கட்டி ஏமாற்றி ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. விரல் போவது அங்கேதான்.

மின்சாரம் போகும் நேரம்

டெமோவில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது மெயினை அணைக்கச் சொல்வது. ஹீட்டர் தட்டுகள் ஷீட்டை விட்டுத் தானே விலக வேண்டும். விலகாவிட்டால் ஷீட் தொய்ந்து ஹீட்டரில் ஒட்டும். பஞ்ச் பாதியில் நிற்காமல் மேலே போய் நிற்க வேண்டும். திரும்ப ஓட்டும்போது முதல் சில அடியின் கப்புகளை மெஷினே ஒதுக்கித் தள்ளுகிறதா என்று பாருங்கள். அந்த ஷீட் வேறு சூட்டில் இருந்திருக்கும், சுருக்கமும் வேறாக இருக்கும், வெட்டு நடுவில் விழாது.

நடுவில் விழாத வெட்டுக்கு இன்னொரு காரணம் சங்கிலி. ஷீட்டின் இரு ஓரத்தையும் குத்திப் பிடித்து இழுக்கும் ஊசிச் சங்கிலி தேயத் தேய நீளும். ஒரு பக்கம் அதிகம் நீண்டால் ஷீட் கோணலாகப் போகும். இடது வரிசையில் விளிம்பு முன்பக்கம் அகலம், வலது வரிசையில் பின்பக்கம் அகலம் என்று தெரிந்தால் டையைத் தொடாமல் சங்கிலி இழுவையைச் சரிபாருங்கள். எல்லா வரிசையும் ஒரே பக்கம் விலகியிருந்தால், வெட்டும் ஸ்டேஷனை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகால் சரிசெய்யலாம். அந்தத் திருகும் அதன் பக்கத்தில் ஒரு அளவுகோலும் இல்லாத மெஷினில் ஒவ்வொரு ஷீட் மாற்றத்துக்கும் போல்ட்டைத் தளர்த்தி, சுத்தியலால் தட்டி உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

சாணை, உதிரிகள், ஒப்பந்தம்

பஞ்சும் டையும் டி2 கருவி எஃகில், 58 முதல் 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் அளவு) கடினத்தில் இருக்க வேண்டும். சாணை பிடிக்கும்போது தடவைக்கு 0.1, 0.15 மி.மீ. எடுத்தால் போதும். 3 மி.மீ. வரை சாணை பிடிக்க இடம் விட்டுச் செய்த டை இருபது தடவை தாங்கும். எத்தனை மி.மீ. சாணை இடம் என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். சாணை பிடித்த அளவுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்காமல் பொருத்தினால் பஞ்ச் டைக்குள் இறங்காது, வெட்டாது. சர்ஃபேஸ் கிரைண்டர் உள்ள பட்டறை இதைச் செய்யும், தண்ணீர் விடாமல் உலர்வாக அரைக்க மட்டும் விடாதீர்கள். முனையில் நீலக் கறை தெரிந்தால் கடினம் போய்விட்டது, ஒரு வாரத்தில் மழுங்கும். புது டை வயர்-கட்டில் (மின்கம்பியால் எஃகை வெட்டும் மெஷினில்) செய்ய வேண்டுமென்றால் கோயம்புத்தூர் வரை போக நேரலாம். போக வர ஒரு நாள், வேலைக்கு வாரங்கள். ஆகவே வட்டக் கப் மெஷின் வாங்குபவர் மெஷினோடு சேர்த்து இரண்டு உதிரிப் பஞ்ச்-டை ஜோடி வாங்கியே ஆக வேண்டும். சதுரக் கப் மெஷினுக்கு ஒரு செட் வட்டக் கத்தி, ஒரு குறுக்கு பிளேடு, இரண்டு நட்சத்திரப் பஞ்ச் போதும்.

முன்பணம் கொடுக்கும் முன், டெலிவரிக்கு முந்திய சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். உங்கள் ஷீட், உங்கள் ஃபாயில், 42 டிகிரித் தண்ணீர், நாலு மணி நேரம் தொடர் ஓட்டம். விற்பவர் தன் ஷெட்டில் காலிக் கப்பை வெட்டிக் காட்டுவது சோதனை அல்ல. காலிக் கப்புக்குக் கனமும் இல்லை, சூடும் இல்லை, அலம்பலும் இல்லை. நாலு மணி நேரத்தில் தொங்கு கப் எத்தனை, பிசிறு எத்தனை, மெஷின் எத்தனை தடவை நின்றது என்று ஒருவர் நின்று எண்ண வேண்டும். மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகு வரும் எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். தட்டுகள் சூடேறிய பிறகு வெட்டு எப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். முடிந்தால் அந்தச் சோதனையை ஏப்ரல், மே மாதத்தில், மதியம் வைத்துக்கொள்ளுங்கள்.